இறங்குவதற்கும் படி வேண்டும்

வேலை போகப்போகிறது என்று தெரிந்தவுடன் ஐ.டி. வட்டாரத்தில் கிடைக்கும் அறிவுரைகளில் ஒன்று ரொம்ப நாளாக என்னை உறுத்திக்கொண்டிருக்கிறது. "கடைசி பேஸ்லிப் கையில இருக்கும்போதே நல்ல டிராவல் கார்டா ஒண்ணு மாத்திக்க மச்சி. அப்புறம் எவனும் தரமாட்டான்." சொல்கிறவர்கள் கெட்டவர்கள் இல்லை. அக்கறையோடுதான் சொல்கிறார்கள். 2025 ஜூலையில் டி.சி.எஸ். தன் ஊழியர்களில் 2 சதவீதம், அதாவது சுமார் 12,000 பேரைக் குறைக்கப்போவதாக அறிவித்தபோதும் இதே பேச்சைக் கேட்டேன். ஈ.எம்.ஐ. பற்றி, மருத்துவக் காப்பீடு பற்றிப் பேசுவதற்கு நடுவில் எப்படியோ இந்தக் கார்டு வந்து உட்கார்ந்துகொள்கிறது.

இந்த அறிவுரை தப்பு. கணக்குப்படியும் தப்பு, நாணயப்படியும் தப்பு. வருமானம் நின்றவன் கார்டை மாற்றலாம், மாற்றவும் வேண்டும். ஆனால் கீழ்நோக்கி மாற்ற வேண்டும், உண்மையைச் சொல்லி மாற்ற வேண்டும். அப்படி இறங்க வருகிறவனுக்கு ஒழுங்கான படி கட்டி வைக்காத வங்கிகள்தான் இதில் முதல் குற்றவாளி. இதுதான் என் கட்சி.

முதலில் எதிர்த்தரப்புக்குக் கொடுக்க வேண்டிய நியாயத்தைக் கொடுத்துவிடுகிறேன். "வேலையே இல்ல, உனக்கெதுக்கு டிராவல் கார்டு?" என்று கேட்கிறவர்களோடு எனக்குச் சண்டை உண்டு. வேலையில்லாதவனும் பயணம் போகத்தான் வேண்டும். பெங்களூரில் நேர்முகத் தேர்வு இருக்கும். ஊரில் அம்மாவுக்கு உடம்பு சரியில்லாமல் போகும். தங்கை கல்யாணம் ஏற்கெனவே நிச்சயமாகியிருக்கும். சேர்த்துவைத்த புள்ளிகளில் ஒரு டிக்கெட் போட முடிந்தால் அது சொகுசு இல்லை. சம்பள நாட்களில் அவனே சேர்த்த சேமிப்பு அது.

ஆண்டுக் கட்டணம் இன்னொரு காரணம். 5,000 ரூபாய்க் கட்டணக் கார்டு என்றால் 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்து 5,900. உயர்தரக் கார்டுகள் 10,000, 12,500 என்று போகும். வருஷத்துக்கு இத்தனை லட்சம் செலவு செய்தால் கட்டணம் தள்ளுபடி என்று ஒரு விதி இருக்கும். சம்பளம் வந்த காலத்தில் வாடகை, காப்பீடு, ஆபீஸ் பயணம், பள்ளிக் கட்டணம் என்று அந்த எல்லை தானாகவே கடந்துவிடும். கட்டணம் என்று ஒன்று இருப்பதே மறந்துபோயிருக்கும். வேலை போன வருஷம்தான் அது பில்லில் வந்து நிற்கும். அப்போது "இந்தக் கார்டு வேண்டாம், வேற ஒண்ணு பார்க்கலாம்" என்று தோன்றுவது இயற்கை. வேறொன்று என்று தேடினால் கண்ணில் படுவதெல்லாம் இதைவிடப் பெரிய கார்டு, சேர்ந்தவுடன் போனஸ் புள்ளி தரும் கார்டு. தப்பு அங்கே ஆரம்பிக்கிறது.

புள்ளி எங்கிருந்து வருகிறது என்று கொஞ்சம் பார்ப்போம். வங்கி தன் பாக்கெட்டிலிருந்து எடுத்துத் தருவதில்லை. தி.நகரில் நகையோ துணியோ எடுத்தவர்களுக்குத் தெரியும்: "கார்டுன்னா ரெண்டு பர்சென்ட் சேரும் சார்." கிரெடிட் கார்டைத் தேய்க்கும்போது கடைக்காரர் சுமார் 2 சதவீதத்தைத் தன் வரவிலிருந்து விட்டுக்கொடுக்கிறார். யு.பி.ஐ.க்கும் ரூபே டெபிட் கார்டுக்கும் 2020 ஜனவரி முதல் அப்படிக் கட்டணம் இல்லை. கிரெடிட் கார்டுக்கு உண்டு. அந்தக் கட்டணத்தில் ஒரு துண்டு நமக்குப் புள்ளியாக வருகிறது. இன்னொரு பெரிய ஊற்று, மாதக் கடைசியில் முழுப் பணத்தையும் கட்ட முடியாதவர்கள் தரும் வட்டி.

அமெரிக்காவில் பாஸ்டன் ஃபெடரல் ரிசர்வ் வங்கியின் பொருளியலாளர்கள் 2010-இல் இதைக் கணக்குப் போட்டார்கள். ரொக்கம் கொடுத்து வாங்கும் குடும்பம் ஒவ்வொன்றும் சராசரியாக ஆண்டுக்கு 149 டாலரைக் கார்டு வைத்திருப்பவர்களுக்கு மறைமுகமாகக் கொடுக்கிறது. கார்டு பயன்படுத்தும் குடும்பம் 1,133 டாலர் பெறுகிறது. அது அங்கத்திய எண். இங்கே எண் வேறாக இருக்கலாம், இயந்திரம் ஒன்றுதான். ஒருவர் இலவசமாகப் பறப்பதற்கான காசு, பறக்காத பலரிடமிருந்து வருகிறது.

சம்பளம் வரும்வரை நாம் இந்த இயந்திரத்தில் வாங்குகிற பக்கம் நிற்கிறோம். லவுஞ்சில் உட்கார்ந்து பொங்கலும் காபியும் சாப்பிட்டுவிட்டு, இரண்டு ரூபாய் கட்டினேன் என்று பெருமையாகப் படம் போடுகிறோம். அது நம் சாமர்த்தியம் என்று நினைக்கிறோம். மாதா மாதம் முதல் தேதி வந்து விழுந்த சம்பளம்தான் அந்தச் சாமர்த்தியம். அது நின்று மூன்றாவது மாதம் பில்லில் பாதிதான் கட்ட முடிகிறது என்றால், அதே ஆள், அதே கார்டு, அதே ஒழுக்கம். ஆனால் இப்போது கொடுக்கிற பக்கம் நிற்கிறோம். வேறு யாரோ பாலி போவதற்கு நாம் வட்டி கட்டுகிறோம்.

அந்த வட்டி எவ்வளவு? பல கார்டுகளில் மாதம் 3.5 சதவீதம், சிலவற்றில் 3.75. ஊர்க் கணக்கில் சொன்னால் மூன்றரை வட்டி, மூன்றே முக்கால் வட்டி. கிராமத்தில் "மூணு வட்டிக்கு வாங்கியிருக்கான்" என்று ஒருவரைப் பற்றிச் சொன்னால் கேட்கிறவர்கள் உச்சுக்கொட்டுவார்கள். கந்துவட்டிக்கு எதிராக 2003-இல் தனிச் சட்டமே போட்ட மாநிலம் இது. அதே வட்டியைப் பளபளப்பான உலோகக் கார்டில் வாங்கினால் யாரும் உச்சுக்கொட்டுவதில்லை. 30 சதவீதத்துக்கு மேல் வட்டி வாங்குவது முறையற்ற வணிகம் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-இல் சொன்னது. 2024 டிசம்பர் 20 அன்று உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்துவிட்டது. ஆக, நம்மைக் காப்பாற்ற அந்த உச்சவரம்பும் இல்லை.

ஒரு லட்ச ரூபாய் செலவுக்குக் கணக்குப் போடுவோம். நல்ல கார்டு, 2 சதவீதம் புள்ளியாகத் திரும்பி வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்: 2,000 ரூபாய். அந்த ஒரு லட்சத்தைக் கட்ட முடியாமல் நிறுத்திவைத்தால் மாதம் 3,500 வட்டி, வட்டிமேல் ஜி.எஸ்.டி. 630, மொத்தம் 4,130. பதினைந்தே நாளில் 2,065. மொத்தப் புள்ளியும் இரண்டு வாரத்தில் காலி. அதோடு முடியாது. பாக்கி இருக்கும்வரை புதிதாக வாங்கும் பால், மளிகைக்குக்கூட வட்டியில்லாத நாட்கள் கிடையாது. வாங்கிய தேதியிலிருந்தே மீட்டர் ஓடும். 'குறைந்தபட்சத் தொகை' என்று பில்லில் போட்டிருக்கும் சின்ன எண்ணைக் கட்டினால் தாமதக் கட்டணம் வராது. வட்டி வரும்.

"நான் அப்படிப்பட்டவன் இல்லை, எப்பவுமே முழுசா கட்டுறவன்" என்று பதில் வரும். நம்புகிறேன். ஆனால் முழுசாகக் கட்டும் பழக்கம் சம்பளத்தின் மேல் வளர்ந்த பழக்கம். அடுத்த வேலை எப்போது கிடைக்கும் என்பது கையில் இல்லாதபோது, எப்பவும் என்ற வார்த்தையை வைத்து உத்தரவாதம் கொடுக்க முடியாது. இன்னொன்றும் இருக்கிறது. வருமானம் இல்லாதவனிடம் மிச்சமிருக்கும் ஒரே ஆயுதம் செலவைக் குறைப்பது. புதிய டிராவல் கார்டின் போனஸோ, இத்தனை நாளுக்குள் இவ்வளவு செலவு செய் என்று கேட்கிறது. கட்டணத் தள்ளுபடி இன்னும் கொஞ்சம் செலவு செய் என்கிறது. லவுஞ்சுக்குள் போகவே போன காலாண்டில் இத்தனை ஆயிரம் செலவழித்திருக்க வேண்டும் என்று பல வங்கிகள் இப்போது விதி வைத்திருக்கின்றன. சுருக்குப்பையை இறுக்கிக் கட்ட வேண்டிய வேளையில், அவிழ்த்தால் பரிசு தருகிறேன் என்று சொல்லும் பொருளை எதற்கு வீட்டுக்குள் கூப்பிட வேண்டும்?

"அவசரத்துக்கு ஒரு லிமிட் இருக்கட்டுமே" என்பது அடுத்த வாதம். இருக்கட்டும். ஏற்கெனவே இருக்கும் கார்டின் லிமிட்டே அதற்குப் போதும். அதற்காக ஆண்டுக் கட்டணம் கட்டும் கார்டு தேவையில்லை. நிஜமாகவே அவசரம் வந்தால் கார்டு கடைசி இடம். அரசு வங்கியில் நகையை வைத்து வாங்கும் கடனின் வட்டி, கார்டு வட்டியில் கால்பங்கு அளவில்தான் வரும். நம் அம்மாக்களுக்குத் தெரிந்த நிதி அறிவு இது. வளையலைக் கழற்றுவது கேவலம், கார்டை நீட்டுவது நாகரிகம் என்று நமக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்?

மூன்றாவது, சிபில் பயம். வேலை போனால் ஸ்கோர் போய்விடும், அதற்குள் வாங்கிவிடு என்கிறார்கள். 300-லிருந்து 900 வரை போகும் அந்த எண்ணில் சம்பளம் ஒரு கூறே கிடையாது. வாங்கிய கடன், கட்டிய ஒழுங்கு, லிமிட்டில் எவ்வளவு பயன்படுத்துகிறோம், எத்தனை இடத்தில் விண்ணப்பித்தோம் என்பவைதான் அதைத் தீர்மானிக்கின்றன. வேலை போனதற்காக அது இறங்காது. பதறிப்போய் நாலு வங்கியில் விண்ணப்பம் போட்டால் அந்த நாலும் அதில் பதிவாகும்.

இனி நாணயம். விண்ணப்பத்தில் 'ஆண்டு வருமானம்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. ராஜினாமாக் கடிதம் கொடுத்தாயிற்று, கடைசி நாள் வரும் வெள்ளிக்கிழமை. கையில் இருக்கும் பேஸ்லிப் அசல்தான்; அதை நீட்டும்போது சொல்கிற சேதி பொய். வேலை போய் இரண்டு மாதம் கழித்து அதே பழைய எண்ணைத் தட்டச்சு செய்வது இன்னும் வெளிப்படையான பொய். "பேங்க் என்ன யோக்கியமா?" என்று கேட்கலாம். வங்கி யோக்கியமா என்பது வேறு கேள்வி. நாளைக்குக் கட்ட முடியாமல் போய் வங்கி கேள்வி கேட்டால், அந்தக் கட்டத்தில் பதிந்த எண் நமக்கு எதிரான முதல் சாட்சி. பேரம் பேசவும் அவகாசம் கேட்கவும் நமக்கிருந்த தார்மீக பலம் அந்த ஒரு எண்ணில் போய்விடும்.

ஆனால் இந்தப் பொய்யை வங்கிகளே வளர்க்கின்றன என்பதையும் சொல்ல வேண்டும். வேறொரு வங்கியின் கார்டு லிமிட்டைக் காட்டினால் வருமான ஆதாரமே கேட்காமல் புதிய கார்டு தருகிறார்கள். செயலியைத் திறந்தால் 'உங்களுக்காகவே முன்கூட்டி அனுமதிக்கப்பட்டது' என்று பெரிய லிமிட்டோடு ஒரு கார்டு கண்ணடிக்கிறது. மாணவர்களுக்கும் சொந்த வருமானம் இல்லாதவர்களுக்கும் கார்டு கொடுக்கும்போது கடன் அபாயத்தைத் தனியாக மதிப்பிட்டு நிதானமாக நடந்துகொள்ள வேண்டும் என்று ரிசர்வ் வங்கியின் வழிகாட்டு நெறிகள் சொல்கின்றன. நடைமுறையில், வாயைத் திறக்காதவனுக்கு இரண்டு நிமிடத்தில் கார்டு. "இப்போ வேலை இல்லைங்க, மனைவி சம்பாதிக்கிறாங்க, கையில இவ்வளவு சேமிப்பு இருக்கு" என்று உண்மையைச் சொல்கிறவனை எந்தக் கட்டத்தில் போடுவது என்றே படிவத்துக்குத் தெரியவில்லை.

இதை வேறு மாதிரியும் செய்யலாம். அமெரிக்காவில் 2009-இல் வந்த கார்டு சட்டம், திருப்பிக் கட்டும் திறனைப் பார்க்காமல் கார்டு தரக் கூடாது என்றது. அது வீட்டில் இருக்கும் மனைவிகளையும் கணவர்களையும் பாதித்ததால், 2013-இல் விதியைத் திருத்தினார்கள்: 21 வயது தாண்டியவர்கள், தங்களுக்கு நியாயமாகக் கிடைக்கக்கூடிய வாழ்க்கைத்துணையின் வருமானத்தையும் விண்ணப்பத்தில் எழுதலாம். அங்கே எல்லாம் சொர்க்கம் என்று சொல்ல வரவில்லை. வேலையில்லாதவன் பொய் சொல்லாமல் நிரப்பக்கூடிய ஒரு கட்டத்தைச் சட்டத்தால் உண்டாக்க முடியும் என்பதற்குச் சான்று, அவ்வளவுதான்.

எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிற இடம் வேறு. கொரோனா வந்து 2020-இல் விமானங்கள் தரையில் நின்றன. விமான நிறுவனங்களுக்கு வருமானம் இல்லை. அப்போது என்ன செய்தார்கள்? யுனைடெட் தன் 'மைலேஜ்பிளஸ்' புள்ளித் திட்டத்தை ஈடாகக் காட்டி 680 கோடி டாலர் திரட்டியது. டெல்டா தன் 'ஸ்கைமைல்ஸ்' திட்டத்தைக் காட்டி 900 கோடி டாலர். 2021 மார்ச்சில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ், 1981-இல் தான் தொடங்கிய 'அட்வான்டேஜ்' திட்டத்தைக் காட்டி 1,000 கோடி டாலர். வேலையற்று நின்ற கம்பெனிகள், நம் போன்றவர்கள் சேர்க்கும் புள்ளிகளை அடகு வைத்துப் பிழைத்தன. அதை யாரும் அவமானம் என்று சொல்லவில்லை. பங்குச்சந்தை சபாஷ் என்றது.

வருமானம் நின்றதை மறைக்காமல் உலகத்துக்கே சொல்லிக் கடன் வாங்க ஒரு விமான நிறுவனத்துக்கு முடிகிறது. ஒரு முப்பத்திரண்டு வயதுக்காரனுக்குத் தன் வங்கியிடம் "வேலை போச்சு, சின்னக் கார்டு கொடுங்க" என்று சொல்ல நாக்கு எழுவதில்லை. அந்த வெட்கத்தை நாம் பிறக்கும்போது கொண்டுவரவில்லை. கார்டின் நிறத்துக்கும் உலோகத்துக்கும் கிளாசிக், பிளாட்டினம், சிக்னேச்சர், இன்ஃபினிட் என்று வர்ணாசிரமம் மாதிரி அடுக்கு வைத்து, மேலே ஏறினவன் மனிதன் என்று பத்து வருஷமாகப் பழக்கினார்கள். முதல் தலைமுறையாக விமானம் ஏறிய வீட்டுப் பிள்ளைகள் நாம். நமக்கு லவுஞ்ச் கதவு திறந்தது பசியாற மட்டும் இல்லை. "நீயும் உள்ளே வரலாம்" என்று யாரோ சொன்னதாகக் கேட்டது. அதனால்தான் வேலை போனால் வேலைக்கு அழுவதற்கு முன் கார்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறோம். அந்த ஏக்கத்தை நான் கேலி செய்யமாட்டேன். அதை வைத்து மூன்றரை வட்டிக்கு வியாபாரம் செய்பவர்களைத்தான் கேள்வி கேட்கிறேன்.

வங்கி தன் பக்கத்தை இறக்க நினைத்தால் ஒரு அறிவிப்பு போதும். 2023 செப்டம்பர் 1 முதல் ஆக்சிஸ் வங்கி தன் மேக்னஸ் கார்டில், மாதம் ஒரு லட்சம் செலவுக்குத் தந்துகொண்டிருந்த 25,000 புள்ளிகளை நிறுத்திவிட்டு, ஆண்டுக் கட்டணத்தை 10,000-லிருந்து 12,500 ஆக்கியது. நாம் நம் பக்கத்தை இறக்க நினைத்தால் நிலைமை வேறு. கட்டணக் கார்டிலிருந்து கட்டணமில்லாத கார்டுக்கு மாற்றித் தரும்படி கேட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும். மேலே போக ஒரு பொத்தான். கீழே வர மூன்று அழைப்பு, இரண்டு மின்னஞ்சல், 'கிளைக்கு நேரில் வாங்க', கடைசியில் 'இந்தக் கார்டுக்கு அந்த வசதி இல்லை சார்'. நடுநடுவே, போகாமல் இருக்க 2,000 புள்ளி தருகிறேன் என்று ஒரு குரல்.

கார்டை மூடுவதற்கு மட்டும் ரிசர்வ் வங்கி பல்லுள்ள விதி வைத்திருக்கிறது. பாக்கி இல்லாத கார்டை மூடச் சொன்னால் ஏழு வேலைநாளுக்குள் மூட வேண்டும். தவறினால் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 500 ரூபாய் வாடிக்கையாளருக்குத் தர வேண்டும். சம்மதம் இல்லாமல் கார்டை உயர்த்திக் கட்டணம் போட்டால், அதைத் திருப்பிக் கொடுப்பதோடு இருமடங்கு அபராதமும் உண்டு. இதே கண்டிப்பு இறக்கத்துக்கும் வர வேண்டும். ஒவ்வொரு வங்கியும் ஆண்டுக் கட்டணமில்லாத ஒரு கார்டாவது வைத்திருக்க வேண்டும். ஒழுங்காகக் கட்டிய பழைய வாடிக்கையாளர் கேட்டால் புதிய விண்ணப்பம், புதிய வருமான ஆதாரம் எதுவும் இல்லாமல் ஏழு நாளில் அதற்கு மாற்றித் தர வேண்டும். சேர்த்த புள்ளி கூடவே வர வேண்டும். கார்டின் வயது அப்படியே தொடர வேண்டும். வங்கிக்கு இதில் அபாயம் குறைகிறதே தவிரக் கூடவில்லை. வாடிக்கையாளரே முன்வந்து "என் லிமிட்டைக் குறையுங்கள்" என்று சொல்வதைவிட நல்ல கடன் தகவல் எந்த அல்காரிதத்துக்குக் கிடைக்கும்?

அது வரும்வரை செய்யக்கூடியதும் கொஞ்சம் இருக்கிறது. கட்டணத் தேதிக்கு முன்பே வங்கிக்கு எழுத்தில் கேளுங்கள்: கட்டணமில்லாத கார்டுக்கு மாற்ற முடியுமா, புள்ளி என்னாகும், புதிய கடன் விசாரணை பதிவாகுமா. பதில் வரும்வரை புள்ளியைத் தொடாமல் பூட்டி வைக்க வேண்டாம். தேவையான பயணத்துக்கு இப்போதே டிக்கெட் போடுங்கள். எங்கே போகிறோம் என்று தெரியாமல் புள்ளியை விமான நிறுவனத்துக்கு மாற்றாதீர்கள், அது திரும்பி வராது. மாற்ற மறுத்தால், கட்டணமில்லாத பழைய கார்டு இன்னொன்று இருந்தால் அதை வைத்துக்கொண்டு இதை மூடிவிடுங்கள். வேறு கார்டே இல்லை என்றால் ஃபிக்சட் டெபாசிட்டை ஈடாக வைத்துத் தரும் கார்டு பல வங்கிகளில் உண்டு. அதற்குச் சம்பளச் சீட்டு கேட்பதில்லை. நம் பணமே நமக்கு ஜாமீன். வங்கி 30 நாளில் பதில் தரவில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இணையத்திலேயே புகார் போடலாம், செலவில்லை.

இதெல்லாம் கவர்ச்சியான அறிவுரை இல்லை என்று தெரியும். லவுஞ்ச் படம் போட முடியாது. ஆனால் வேலை தேடும் மாதங்களில் ஒருவருக்கு வேண்டியது இரவில் தூக்கம். பில் தேதியை நினைத்து மூன்று மணிக்கு விழிக்காமல் இருப்பது, அடுத்த நேர்முகத் தேர்வில் முதல் சம்பளத்தையே ஒப்புக்கொள்ளாமல் பேரம் பேசும் தெம்பைத் தரும். கார்டு பாக்கி கழுத்தில் இருப்பவன் வந்த விலைக்குத் தன்னை விற்றுவிடுவான். கம்பெனிகளுக்கும் அது தெரியும்.

ஆகவே, கடைசி பேஸ்லிப்போடு நிற்கும் நண்பனிடம் யாராவது "மாத்திக்க மச்சி" என்று சொன்னால், ஆமாம் மாத்திக்கொள் என்றே நானும் சொல்வேன். சின்னதாக மாத்திக்கொள். படிவத்தில் உள்ளதை உள்ளபடி எழுது. சேர்த்த புள்ளியில் ஒரு டிக்கெட் போட்டு ஊருக்குப் போய் அம்மாவைப் பார்த்துவிட்டு வா. விமான நிலையத்தில் பசித்தால் கட்டுச்சோறு கொண்டுபோ; பாதுகாப்புச் சோதனையில் எலுமிச்சை சாதத்தை யாரும் பிடுங்கமாட்டார்கள்.